பழைய பெட்டியை வீசிவிடாதீர்கள்!



உங்கள் வீட்டு முன்னறை மூலையில், பூப்போட்ட துணி போர்த்திய பெட்டி ஒன்று இருக்கிறதா? அதன் மேல் பூச்சாடியோ, பேரப்பிள்ளை பட்டம் வாங்கிய படமோ வைத்திருப்பீர்கள். ஒரு காலத்தில் மாதாமாதம் தவணை கட்டி, தீபாவளிக்கு முதல் நாள் வேனில் வந்து இறங்கிய ஆம்பிளிபையரோ மினி காம்போவோ அது. அன்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். இன்று அது தூசு தாங்கும் மேசையாகி விட்டது. காரணம் கேட்டால், "பாட்டெல்லாம் இப்போது கைப்பேசியில்தானே வருகிறது!" என்கிறோம்.

வருகிறது, உண்மைதான். ஆனால் கைப்பேசியின் கடுகளவு ஒலிபெருக்கியில் தவிலும் நாதஸ்வரமும் எப்படிக் கேட்கின்றன? தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போல! அந்தப் பாட்டையே மூலையில் கிடக்கும் பெட்டியில் கேட்க முடியுமானால் எப்படி இருக்கும்? முடியும். பெரிய செலவும் இல்லை. எதை எதோடு சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

சென்ற பள்ளி விடுமுறையில் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறேன். சுவாவுக்குப் பக்கத்தில், தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் வந்திருந்தார். வாசலில் பழைய பத்திரிகை வாங்கும் லோரி நின்றது. மகன் கையில் மின்சாதனக் கடை விளம்பரத் தாள். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீள ஒலிபெருக்கி, மாதத் தவணையில்! பழைய செட்டை லோரியில் ஏற்றி விடுவது, புதியதை வாங்கி வைப்பது என்று முடிவாகியிருந்தது. முடிவு மகனுடையது, தாத்தாவுடையது அல்ல.

"வாத்தியாரே, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இதுக்கு உயிர் இருக்கா, இல்லையா?" என்றார் அவர்.

செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள். மேலே 'ஆக்ஸ்' என்று எழுதியிருந்தது. "வீட்டில் பழைய கைப்பேசி இருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து முகப்புக் கண்ணாடி விரிசல் விட்ட ஒன்றை மருமகள் எடுத்து வந்தார். சுவா கடைத்தெருவில் பத்து வெள்ளியைச் சுற்றி ஒரு வயர் வாங்கினோம். பத்து நிமிடத்தில் மின்னல் எஃப்.எம். அந்தச் செட்டில் கணீரென்று பேசியது!

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் வலைத்துணியில் கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். லோரி பழைய பத்திரிகைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

பெரட்டுக் களத்தில் மூன்று பேர்

நாங்கள் செய்தது மாயம் அல்ல. தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கி விடும்.

அந்தக் காலத்தில் துரையிடமிருந்து உத்தரவு ஆங்கிலத்தில் வரும். அதைக் கொண்டு வர ஓர் ஆள் வேண்டும். தமிழில் மாற்றிச் சொல்ல கிராணி வேண்டும். பெரட்டுக் களத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கக் கூவ மண்டோர் வேண்டும். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் வேலை நடக்காது.

இசையிலும் இப்படித்தான். இணையத்தில் பாட்டு, பாட்டாக இருப்பதில்லை; எண்களாக இருக்கிறது. அந்த எண்களை இணையத்திலிருந்து இழுத்து வருபவர் 'ஸ்ட்ரீமர்'. அவற்றை மீண்டும் மின் அலையாக மாற்றுபவர் 'கன்வெர்ட்டர்'. கடைக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'டேக்' என்பார்கள். அந்த மெல்லிய அலையை ஒலிபெருக்கியை ஆட்டும் அளவுக்குப் பெருக்குபவர் ஆம்பிளிபையர்.

இம்மூவரும் தனித்தனிப் பெட்டியாக இருக்கலாம். ஒரே பெட்டிக்குள்ளும் இருக்கலாம். கைப்பேசிக்குள் மூவரும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மண்டோர் மட்டும் குரல் இல்லாத நோஞ்சான்! உங்கள் பழைய செட்டிலோ மண்டோர் பயில்வான்; ஆனால் உத்தரவு கொண்டு வரவும் மொழிமாற்றிச் சொல்லவும் ஆள் கிடையாது. அங்கிருந்து இரண்டு பேரையும் இங்கிருந்து ஒருவரையும் சேர்த்து விட்டால் பெரட்டு முழுமையாகி விடுகிறது. தாத்தா வீட்டில் நடந்தது இதுதான்.

கன்வெர்ட்டர் என்றதும் ஏதோ புது அதிசயம் என்று மலைக்க வேண்டாம். 1982-ல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் கொண்டு வந்த இசைத்தட்டை, அதாவது சிடியை, நினைத்துப் பாருங்கள். அதில் ஒவ்வொரு நொடியும் ஒலி 44,100 முறை அளந்து எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்று. அந்த எண்களைத் திரும்ப அலையாக்கும் கன்வெர்ட்டர் ஒவ்வொரு சிடி பிளேயருக்குள்ளும் இருந்தது. நாம் பெயர் தெரியாமல் பழகிய ஆள்தான் அவர்.

முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் செட்டின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். முன்பக்கம் அழகுக்கு; பின்பக்கம்தான் விஷயம்.

'ஆக்ஸ்', 'சிடி', 'டேப் இன்', 'லைன் இன்' என்று எழுதி, சிவப்பு வெள்ளைத் துளைகள் இருந்தால் கவலையே இல்லை. சிவப்பு வலது பக்கம், வெள்ளை இடது பக்கம். ஒரு முனையில் கைப்பேசியின் காதுக்கருவித் துளைக்குப் போகும் சிறிய பிளக், மறு முனையில் சிவப்பு வெள்ளை பிளக் என்று வயர் கிடைக்கும். அது போதும்.

ஐரோப்பிய நாட்டுப் பழைய செட்டுகளில் இத்துளைகள் இருக்காது. வட்டமாக, ஐந்து ஊசி நுழையும் துளை ஒன்று இருக்கும். அதற்கு 'டின்' என்று பெயர். பயப்பட வேண்டாம், அதற்கும் வயர் உண்டு. ஆனால் எல்லா வயரும் ஒரே மாதிரி இணைக்கப்பட்டவை அல்ல. ஆம்பிளிபையரின் 'டேப்' துளையில் உள்ளே போகும் ஒலிக்கு 3-ம் 5-ம் ஊசிகள். 2-ம் ஊசி பொதுவான தரை. 1-ம் 4-ம் வெளியே போகும் ஒலிக்கு. சாமான் பழுது பார்ப்பவரிடம் இந்த எண்களைச் சொன்னால் சரியான வயரை எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால் பற்ற வைத்தும் கொடுப்பார்.

மினி காம்போவின் முகப்பில் யு.எஸ்.பி. துளை இருக்கும். அதில் கைப்பேசியைச் செருகி விட்டு, "பாட்டு வரவில்லையே!" என்று சொல்பவர்கள் பலர். பெரும்பாலான செட்டுகளில் அது 'தம்ப் டிரைவ்' எனும் நினைவுக் குச்சிக்காக வைத்த துளை. கைப்பேசிக்கு மின்சாரம் வேண்டுமானால் ஏறலாம்; பாட்டு வராது. பாட்டுக்கு 'ஆக்ஸ்' துளைதான்.

இனி, நான் செய்த தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். முதன்முதலில் என் வீட்டுச் செட்டில் கைப்பேசியைச் சேர்த்தபோது, 'போனோ' என்று எழுதியிருந்த துளையில் செருகி விட்டேன். 'போன்' என்று இருக்கிறதே, கைப்பேசிக்குத்தானே என்று நினைத்துக் கொண்டேன்! செட் உறுமியது. பாட்டு அடையாளமே தெரியாமல் கரகரத்தது.

'போனோ' என்பது இசைத்தட்டு சுழலும் கிராமபோனுக்கு உரியது. அந்த ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அந்தத் துளையின் உள்ளே அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கி, தாழ்ந்த சுருதிகளை மேலும் தூக்கி விடும் ஏற்பாடு இருக்கிறது. கைப்பேசியிலிருந்தோ அரை வோல்ட், ஒரு வோல்ட் வருகிறது. தனி ஸ்ட்ரீமரிலிருந்து இரண்டு வோல்ட் வரை வரும். பால் கோப்பையில் பால் லோரியைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது! நல்ல வேளையாக உடனே நிறுத்தினேன். ஒலிபெருக்கி தப்பியது. நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பிளக் செருகும்போதும் உருவும்போதும் செட் அணைந்திருக்க வேண்டும். பிறகு கைப்பேசியின் ஒலியளவை முக்காலுக்கு மேல் ஏற்றி வையுங்கள்; செட்டின் திருகியைக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கைப்பேசியைக் குறைத்து வைத்துச் செட்டை முழுக்கத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

உத்தரவு கொண்டு வரும் ஆள் யார்?

மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் கைக்கு எட்டியதைத் தேர்ந்து கொள்ளுங்கள்.

முதல் வழி, தாத்தா வீட்டில் செய்ததுதான். காதுக்கருவித் துளை உள்ள பழைய கைப்பேசியே ஸ்ட்ரீமர், அதுவே கன்வெர்ட்டர். மின்னல் எஃப்.எம். கேட்க ஆர்.டி.எம். கிளிக் செயலி இருக்கிறது. ராகா கேட்க சியோக் செயலி. மிகப் பழைய கைப்பேசியில் புதிய செயலிகள் இறங்காமல் போகலாம். அப்போது இணைய உலாவியில் தேடிக் கேட்கலாம். சிம் அட்டை இல்லாமல் வீட்டு வைஃபையில் ஓட விடுவது நல்லது. பாட்டின் நடுவே அழைப்பு மணி அடிக்காது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டு விட்டது. 3ஜி மட்டுமே தெரிந்த கைப்பேசிக்குச் சிம் போட்டாலும் இணையம் வராது. ஆனால் வைஃபை இருந்தால் அது இன்னும் வேலை செய்யும். வீட்டில் வைஃபை இல்லையென்றால் பிள்ளையின் கைப்பேசியிலிருந்து பகிர்ந்து கொள்ளலாம்.

புதிய கைப்பேசிகள் பலவற்றில் காதுக்கருவித் துளையே கிடையாது. ஐபோன் 2016-ல் அதை எடுத்து விட்டது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதற்குச் சிறு வால் போன்ற இணைப்பு விற்கிறார்கள். இங்கேதான் ஏமாற இடம் உண்டு. சில வால்களுக்குள் கன்வெர்ட்டர் இருக்கிறது. சில வெறும் வயர்தான். வெறும் வயர், பல கைப்பேசிகளில் ஊமையாக இருக்கும். "உள்ளே டேக் இருக்கிறதா?" என்று கேட்டு, கடையிலேயே உங்கள் கைப்பேசியில் செருகிக் கேட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

அல்லது 'புளூடூத் ரிசீவர்' எனும் தீப்பெட்டி அளவு கருவி. ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். அதைச் செட்டின் 'ஆக்ஸ்' துளையில் நிரந்தரமாகச் செருகி வைத்துவிட்டால், வீட்டில் யார் வேண்டுமானாலும் தம் கைப்பேசியிலிருந்து கம்பியில்லாமல் பாட்டை அனுப்பலாம். ஏறத்தாழ பத்து மீட்டர் வரை எட்டும். சுவர் குறுக்கிட்டால் குறையும். புளூடூத் பாட்டைச் சற்று நசுக்கி அனுப்புகிறது என்பது உண்மை. ஆனால் சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்கும் காதுக்கு அந்த நசுக்கல் தெரியாது.

இரண்டாம் வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அந்த மாற்றத்துக்காகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த மைடிவி பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதில் படம் மட்டுமா வருகிறது? வானொலிகளும் வருகின்றன, மின்னல் உட்பட! இதற்கு இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். கூரைமேல் அலைவாங்கி போதும். பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இருந்தால், மஞ்சளை விட்டுவிட்டுச் சிவப்பையும் வெள்ளையையும் செட்டின் 'ஆக்ஸ்' துளையில் இணையுங்கள். இணையமே எட்டாத தோட்டத்து வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புதிய தட்டைத் தொலைக்காட்சியின் ஒலியையும் பழைய செட்டில் கேட்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் சிவப்பு வெள்ளை வெளியேறும் துளை இருப்பதில்லை. சதுரமாக ஒரு சிறு துளையில் செந்நிற ஒளி தெரியும், 'ஆப்டிக்கல்' என்பார்கள். அங்கே எண்கள் ஒளியாக வருகின்றன. இந்த இடத்தில்தான் தனிக் கன்வெர்ட்டர் உண்மையிலேயே தேவைப்படுகிறது. விலை மலிவான சிறு பெட்டியே போதும். அதை வாங்கி மாட்டிய பின் சத்தமே வராவிட்டால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் ஒலி வெளியீட்டை 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். சினிமாக் கொட்டகை பாணியில் கட்டி அனுப்பும் ஒலியை அவிழ்க்க மலிவான கன்வெர்ட்டருக்குத் தெரியாது, 'பி.சி.எம்.' என்றால் அதற்குத் தெரியும்.

மூன்றாம் வழி, கடையில் விற்கும் தனி ஸ்ட்ரீமர். சில நூறு வெள்ளி ஆகும். வைஃபையில் தானே பாட்டை இழுக்கும். உள்ளே நல்ல கன்வெர்ட்டர் இருக்கும். கைப்பேசியை வெறும் கட்டளைக் கருவியாக வைத்துக் கொள்ளலாம். நல்ல ஆம்பிளிபையரும் நல்ல ஒலிபெருக்கியும், நிலையான இணையமும் உள்ள வீட்டுக்கு இது ஏற்றது. வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: சிவப்பு வெள்ளை வெளியீடு அதில் இருக்கிறதா? சில கருவிகள் எண்களை மட்டும் வெளியே தரும். அவற்றை வாங்கினால் இன்னொரு கன்வெர்ட்டருக்கும் சேர்த்துச் செலவழிக்க நேரிடும்.

எவ்வளவு தரம் போதும்?

"உயர் தரம், மிக உயர் தரம்" என்று விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நொடிக்கு 96 கிலோபிட் எனும் குறைந்த தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 43 எம்.பி. ஆகிறது. 320 கிலோபிட் எனும் நல்ல தரத்தில் 144 எம்.பி. சிடியின் முழுத் தரத்தைச் சுருக்காமல் அனுப்பினால் 635 எம்.பி.! சிம் அட்டையில் அளந்து இணையம் வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. நடுவில் இருக்கும் நல்ல தரமே வீட்டுக்குப் போதும். படத்தோடு பாட்டு ஓட விடுவதுதான் எல்லாவற்றையும் விடச் செலவு; பாட்டு மட்டும் கேட்க வேண்டுமென்றால் படத்தை நிறுத்துங்கள்.

இன்னோர் உண்மையும் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த நம் திரைப்பாடல்கள் ஒரே வழி ஒலியாக, 'மோனோ'வாகப் பதிவானவை. டி.எம்.எஸ்., சுசீலா பாடிய பழைய பாடல்களில் இடது, வலது என்ற பிரிவு கிடையாது. தமிழ்ப் பாடல்களில் 'ஸ்டீரியோ' பதிவுக்கு முன்னோடி என்று பெயர் பெற்ற இளையராஜாவின் 'பிரியா' வந்தது 1978-ல். சிங்கப்பூரில் படமெடுத்தார்களே, அதே படம்தான். ஆக, மோனோப் பாடலை எத்தனை ஆயிரம் வெள்ளிக் கருவியில் போட்டாலும் பதிவில் இல்லாத ஒன்று புதிதாக வந்து விடாது. தேய்ந்த இசைத்தட்டிலிருந்து யாரோ எடுத்து இணையத்தில் ஏற்றிய பாட்டில் கரகரப்பும் சேர்ந்தே வரும். குறை கருவியில் அல்ல, மூலத்தில்! நிறுவனம் முறைப்படி வெளியிட்ட பதிவைத் தேடிக் கேளுங்கள். செலவில்லாமல் தரம் உயரும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் எதில் போடலாம் என்று கேட்கிறீர்களா? கன்வெர்ட்டரில் அல்ல, ஒலிபெருக்கியில் போடுங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பழைய ஒலிபெருக்கிக் கூம்பைச் சுற்றியுள்ள மென்பஞ்சு வளையம் உதிர்ந்து விடுகிறது. விரலால் தொட்டால் பொடியாகும். வளையத்தை மட்டும் மாற்றலாம். கூம்பு தேறி விட்டால் பெட்டி மறுபிறவி எடுக்கும்.

ஒலிபெருக்கியின் முதுகில் 4, 6, 8 'ஓம்' என்று ஓர் எண் இருக்கும். ஆம்பிளிபையர் கேட்கும் எண்ணுக்குக் குறைந்ததை மாட்டக் கூடாது. 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே வாயிலில் பக்கவாட்டில் இணைத்தால் அது 4 ஓம் ஆகி விடும். ஆம்பிளிபையர் கொதித்துப் போகும். வயர்களில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறிப் போனால் பாட்டில் அடித்தளமே இருக்காது. மிருதங்கம் காணாமல் போய் விடும். "புதுக் கருவி சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை சோதியுங்கள்.

உயிரோடு விளையாட வேண்டாம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்.

வால்வு எரியும் மிகப் பழைய வானொலிகள் சிலவற்றில் மின்சாரத்தைத் தனியே பிரிக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டு மின்சாரம் நேரே அதன் இரும்புச் சட்டத்தில் பாய்ந்து நிற்கக் கூடும். அதில் கைப்பேசியை வயரால் இணைத்தால், கைப்பேசியைத் தொடும் கையில் 230 வோல்ட் ஏறும். ஆகவே வால்வு வானொலியை நீங்களாகத் திறக்கவோ இணைக்கவோ வேண்டாம். விவரம் தெரிந்த பழுது பார்ப்பவரிடம் காட்டி, அவர் சரி என்றால் மட்டுமே செய்யுங்கள்.

ஒற்றை ஒலிபெருக்கி உள்ள மோனோப் பெட்டிக்குக் கைப்பேசியின் இடது வலது வயர்களை ஒன்றாக முறுக்கி விடுகிறார்கள். கைப்பேசிக்கு அது கெடுதல். ஒவ்வொரு வயரிலும் ஆயிரம் ஓம் அளவில் ஒரு 'ரெசிஸ்டர்' வைத்துச் சேர்க்க வேண்டும். சில காசு விலைதான்.

கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொண்டே பாட்டுப் போட்டால் 'ஊம்ம்' என்ற இரைச்சல் வரலாம். மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். வேறு மின்னேற்றி போடலாம். தரை இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவியும் கடையில் உண்டு. ஆனால் மூன்று கால் பிளக்கின் மேல் காலை வெட்டி விடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று உயிர்க்காவலை வெட்டுவது அது! பழைய கைப்பேசியை இரவும் பகலும் மின்னேற்றியிலேயே விட்டு வைக்கவும் கூடாது. முதுகு உப்பியிருந்தால் மின்கலம் கெட்டு விட்டது என்று பொருள். அதை உடனே ஒதுக்கி விடுங்கள்.

இடி மின்னல் நம் ஊருக்குப் புதிதா? மாலையில் வானம் கறுத்தால் மின்சாரப் பிளக்கோடு அலைவாங்கி வயரையும் சேர்த்துக் கழற்றி விடுங்கள்.

அந்தச் செட்டுக்குள் இருந்த குரல்

தாத்தா வீட்டுக் கதை அத்தோடு முடியவில்லை. பாட்டு வந்த பிறகு, மகன் தணிந்த குரலில், "அப்பா, பாட்டுக் கேட்கத்தானே? புதுசு வாங்கித் தர்றேன்னு சொன்னேனே, ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டார். தாத்தா எழுந்து போய், பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரே ஒரு கேசட். எண்பதுகளில், இந்த மகன் தொட்டிலில் கிடந்தபோது, அவர் மனைவி பாடிய தாலாட்டு. பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

"இதை வேற எதுல போட்டுக் கேக்கறது, சொல்லு?" என்றார் தாத்தா.

மகன் தலையைக் குனிந்து கொண்டார். தம் தாயின் குரல் அந்த டின்னுக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

எண்ணிப் பாருங்கள், வாசகர்களே! பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டு வந்த அந்தச் சின்னக் கேசட்டில்தான் நம் வீட்டுத் தாலாட்டும், கோயில் திருவிழாவும், கல்யாண வாழ்த்தும் பதிவாகிக் கிடக்கின்றன. அவசரகாலத்தில் தோட்டங்களில் வைத்த பொது வானொலியைச் சுற்றிக் கூடி நின்று கேட்ட சமூகம் நாம். பிறர் குரலைக் கேட்டே பழகிய நமக்கு, நம் குரலை நாமே பதிந்து வைக்கக் கிடைத்த முதல் வாய்ப்பு கேசட். அந்தக் குரல் எந்த இணையத்திலும் கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்ட்ரீமரும் அதைக் கொண்டு வராது. பழைய செட்டைத் தூக்கி எறிந்தால், அதைப் பேச வைக்கும் ஒரே வாயையும் சேர்த்து எறிந்து விடுகிறோம்.

தாத்தாவின் செட்டில் கேசட் சுழலவில்லை. உள்ளே இருந்த ரப்பர் வார் தளர்ந்து போயிருந்தது. "ரப்பர்தானே, நமக்குத் தெரியாத சாமானா!" என்று சிரித்தார் அவர். பழுது பார்ப்பவர் வாரை மாற்றி, ஒலி படிக்கும் தலையைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு அதே வேலையைத் தலைகீழாகச் செய்தோம். செட்டின் காதுக்கருவித் துளையிலிருந்து வயரை எடுத்து, யு.எஸ்.பி. ஒலிப்பதிவுக் கருவி வழியாகக் கணினியில் சேர்த்தோம். முன்பு எண்ணை ஒலியாக்கியது போல இப்போது ஒலியை எண்ணாக்கினோம். சிடியின் அதே 44,100 அளவில். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்தாயிற்று. கேசட்டையும் வீசவில்லை, ஈரம் புகாத டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

அன்று மாலை, விரிசல் விழுந்த அந்தக் கைப்பேசியிலிருந்து, பத்து வெள்ளி வயர் வழியாக, பழைய செட்டில் தாலாட்டு ஒலித்தது. தொட்டிலில் கிடந்த அந்த மகனின் மடியில் அவருடைய மகள் உட்கார்ந்து கேட்டாள். "யாருப்பா பாடறது?" என்றாள். "உன் பாட்டி" என்றார் அவர்.

ஆகவே, புதியது வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் இருப்பதைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். எந்த ஆள் இருக்கிறார், எந்த ஆள் இல்லை என்று எண்ணுங்கள். இல்லாதவரை மட்டும் வாங்குங்கள். மீதிப் பணம் பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியை விலக்குங்கள். உங்கள் வீட்டு டின்னுக்குள்ளும் யாரோ ஒருவர் குரல் காத்திருக்கலாம்!